சூரிய பம்ப்பா, மின் மோட்டரா, பீலித் தண்ணீரா: சித்தியின் சேமலாப நிதியை எங்கே போடுவது?

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் 34 ஆண்டுகள் கொழுந்து எடுத்த என் சித்தி சென்ற ஆண்டு வேலையிலிருந்து நின்றார். ஊழியர் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கைக்கு வந்து சேர ஏழெட்டு மாதங்களாயின. வந்த மறுநாளே வீட்டில் பேச்சுத் தொடங்கிவிட்டது. குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் காணியில் கரட்டும் லீக்ஸும் போடும் சித்தப்பாவுக்குச் சூரிய சக்தி பம்ப் வேண்டும். கொழும்பில் வேலை செய்யும் தம்பிக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. மின்சாரம் இழுத்து மோட்டர் போட்டால் ஒரே வேலையாக முடிந்துவிடும் என்றான். பணத்துக்குரியவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து, ஈர மிளாறு புகைவதைப் பார்த்து ஊதுகுழலை எடுத்தார்.

ஹட்டனில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். எந்த இயந்திரம் மலிவு என்று பார்த்துச் சொல் என்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை. நான் ரூபாவில் கணக்குப் பார்க்க மறுத்துவிட்டேன். இந்த நாட்டில் எரிபொருளுக்கு ரூபாவில் போட்ட கணக்கு எத்தனை மாதம் நின்றிருக்கிறது? 2022 ஜனவரியில் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் ஜூன் முடிவதற்குள் 470 ஆனது. மண்ணெண்ணெய் அந்த ஆகஸ்ட்டில் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. மின்கட்டணம் அதே மாதத்தில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பிறகு 2024இல் இரண்டு முறை இறங்கி, 2025 ஜனவரியில் இன்னும் 20 வீதம் குறைந்து, ஜூனில் மறுபடி 15 வீதம் கூடியது. விலை இப்படி ஆடும். பத்தாயிரம் லீற்றர் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றத் தேவையான சக்தி ஆடாது. ஆகவே லீற்றரிலும் கிலோவிலும் கணக்கிடத் தொடங்கினேன்.

காணி அரை ஏக்கர், ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். ஒரு முறை நனைக்க 5 மில்லிமீற்றர் மழைக்கு ஈடான தண்ணீர் வேண்டும் என்றால் அது 10,000 லீற்றர். ஓடை காணிக்குக் கீழே 40 மீற்றர் பள்ளத்தில் ஓடுகிறது. தெளிப்பான் சுழல வேண்டுமானால் இன்னொரு 20 மீற்றர் உயரத்துக்குச் சமமான அழுத்தமும் தேவை. ஆக, பத்துத் தொன் தண்ணீரை 60 மீற்றர் தூக்குகிறோம். இயற்பியல் கேட்கும் விலை சுமார் 1.6 அலகு மின்சாரம், அவ்வளவுதான். ஆனால் எந்த இயந்திரமும் அந்த விலைக்கு வேலை செய்யாது. சாதாரண மின் மோட்டர் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டு மூன்றரை அலகு கேட்கும். சிறிய பெற்றோல் பம்ப் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்கைத்தான் தண்ணீருக்குக் கொடுக்கும், மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். ஒரு நனைப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் பெற்றோல். வறண்ட மாதங்களில் 60 தடவை இறைத்தால் ஆண்டுக்கு 110 லீற்றர் அளவில் வரும். சித்தப்பாவின் கொப்பிக் கணக்கும் கிட்டத்தட்ட அதையே சொன்னது.

இதில் சித்தப்பாவிடம் இருக்கும் பழைய பெற்றோல் பம்ப்பை முதலில் தள்ளிவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கும் அதன் மேல் அன்பு கிடையாது. 2022இல் அது என்ன பாடு படுத்தியது என்பதை மறக்க முடியாது. எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை ஜூலையில் வந்தபோது அது வாகனத்துக்கு வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர் என்று. தண்ணீர்ப் பம்ப்புக்கு இலக்கத்தகடு ஏது? சித்தப்பா தன் மோட்டார் சைக்கிளின் தாங்கியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக் கரட்டுக்குத் தண்ணீர் விட்டார். சந்தைக்குக் கால்நடையாகப் போனார். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பம்ப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு எந்தக் காணிக்கும் போகலாம். இந்த ஒரு குணம் மலையகத்தில் எவ்வளவு பெரியது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி சொன்ன மின் மோட்டர் கணக்கில் அழகாக இருக்கிறது. மூன்று வழிகளில் சக்தி வீணாவது இதில்தான் குறைவு. இன்னொரு நியாயமும் உண்டு. இந்த நாட்டின் மின்சாரத்தில் பெரும் பங்கு இந்த மலைகளிலிருந்தே இறங்குகிறது. லக்சபானவில் முதல் மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள், கொத்மலையின் 201 மெகாவாட், விக்டோரியாவின் 210, தலவாக்கலையில் 2012இல் வந்த மேல்கொத்மலையின் 150 என்று ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தோட்டத்தின் காலடியில் நிற்கிறது. லக்சபான விளக்கு கொழும்பில் எரிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பல்பு எரிந்தது என்பது தனிக் கதை. அதை இங்கே தொடங்கினால் கட்டுரை முடியாது.

ஆனால் சித்தப்பாவின் காணிக்கும் கடைசி மின்கம்பத்துக்கும் இடையில் ஒரு மலைச்சரிவு கிடக்கிறது. கம்பங்கள் நட வேண்டும், அதன் செலவு நம் தலையில். இணைப்புக்கு நிலத்தின் உரிமையாளர் ஒப்புதல் தர வேண்டும். குத்தகை இன்னும் இரண்டு ஆண்டு. மூன்றாம் ஆண்டு காணிக்காரர் திருப்பிக் கேட்டால் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வர முடியாது. நம் பணத்தில் அவருடைய நிலத்துக்கு மின்சாரம் கிடைத்த கதையாக முடியும். மின்சாரம் நம்பகமானது என்ற எண்ணத்துக்கும் 2022 மார்ச் கடைசியில் அடி விழுந்தது. ஒரு நாளைக்கு 13 மணிநேரம் விளக்கில்லாமல் இருந்தோம். மழை பொய்த்தால் நீர்மின்சாரம் குறைகிறது, அப்போது நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியும் இறக்குமதி எண்ணெயும்தான் நம் மோட்டரைச் சுழற்றும். மோட்டருக்கு வேலை அதிகமாக இருப்பதும் அதே வறண்ட மாதங்களில்தான்.

சூரிய பம்ப்பை நான் நன்றாக ஆராய்ந்தேன், ஏனென்றால் சித்தப்பாவின் ஆசை அதில் இருந்தது. நுவரெலியாப் பக்கத்து மூடுபனியில் இது எங்கே வேலை செய்யப்போகிறது என்று சிரிப்பவர்கள் அவசரப்படுகிறார்கள். தண்ணீர் தேவைப்படும் ஜனவரி, பெப்ரவரி, மார்ச்சில் இங்கே வானம் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது. மழையும் மூட்டமுமான ஜூன், ஜூலையில் பம்ப் தூங்கினால் யாருக்கு நட்டம்? மூன்றரை அலகை நாலரை மணிநேர நல்ல வெயிலில் எடுக்க 800 வாட், கொஞ்சம் தாராளமாக ஒரு கிலோவாட் தகடு போதும். எரிபொருள் செலவு இல்லை, வரிசை இல்லை, டொலர் இல்லை. தகட்டைத் துடைத்தால் போதும் என்று கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை.

அவர் சொல்லாதது இன்னொன்று. ஜனவரியில் தெளிந்த வானம் பகலில் வெயில் தருவது போல, இரவில் உறைபனியையும் தருகிறது. விடியற்காலையில் லீக்ஸ் தாள் மேல் உப்புத் தூவியது போல வெள்ளை படிந்திருக்கும். உருளைக்கிழங்குச் செடியாக இருந்தால் வெயில் ஏறியதும் இலை கருகி, வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டுவிடும். அதைக் காப்பாற்ற இங்குள்ளவர்கள் சூரியன் எழுவதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுகிறார்கள். காலை ஐந்து மணிக்கு ஓட வேண்டிய பம்ப், பாட்டரி இல்லாத சூரிய பம்ப்பாக இருந்தால் அது எழுந்திருப்பதற்குள் பயிர் செத்திருக்கும். பாட்டரி வைத்தால் விலை வேறு எங்கோ போகிறது. உயரத்தில் ஒரு தொட்டி கட்டிப் பகலில் நிரப்பலாம், அது சரியான தீர்வுதான். அப்படியானால் தொட்டியும் வேண்டும், தகடும் வேண்டும், தகட்டுக்குக் காவலும் வேண்டும். காணி லயத்திலிருந்து அரை மைல் தள்ளி இருக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று பட்டது. மூவரும் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மலையில் வாழ்பவர்கள் ஏன் கீழே பார்க்க வேண்டும்?

காணிக்கு மேலே 250 மீற்றர் தள்ளி, ஒரு டர்பன்டைன் மரக்காட்டின் ஓரத்தில் பீலி இருக்கிறது, ஊற்றுத் தண்ணீர் தாரையாக விழும் இடம். லயத்துக்காரர்கள் குளிப்பதும் துவைப்பதும் அங்கே. ஒரு ஞாயிறு மத்தியானம் பத்து லீற்றர் வாளியையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு போனேன். அது வரட்சியான மார்ச் மாதம். வாளி நிரம்ப 33 விநாடி. நம்பாமல் மூன்று முறை வைத்துப் பார்த்தேன், 33, 34, 33. விநாடிக்கு 0.3 லீற்றர், பத்து மணிநேரத்துக்குப் பத்தாயிரம் லீற்றருக்குச் சற்று மேல். அந்த மெல்லிய தாரை, இரவு முழுக்க யாருக்கும் பயன்படாமல் வடிகானில் ஓடிப்போகும் அதே தண்ணீர், சித்தப்பா கீழே பள்ளத்திலிருந்து பெற்றோல் எரித்து ஏற்றும் அளவுக்குச் சரியாக இருந்தது.

பீலிக்கும் காணிக்கும் உயர வித்தியாசம் 35 மீற்றர். பத்து மீற்றர் இறக்கத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்று வைத்தால் தெளிப்பானுக்குத் தேவையானதைவிட அதிகம் கிடைக்கிறது. ஒன்றில்தான் கவனம் வேண்டும், குழாயின் பருமனில். பணத்தை மிச்சம் பிடிக்க ஒரு அங்குலக் குழாய் போட்டால், விநாடிக்கு ஒரு லீற்றர் ஓடும்போது நூறு மீற்றருக்கு 18 மீற்றர் அழுத்தம் உரசலிலேயே தொலைந்துவிடும். 250 மீற்றர் போவதற்குள் கையில் ஒன்றும் மிஞ்சாது, தெளிப்பான் சோம்பல் முறித்துவிட்டு நின்றுவிடும். இரண்டு அங்குலம் போட்டால் நூறு மீற்றருக்கு இழப்பு ஒரு மீற்றர்கூட இல்லை. பக்கத்துக் காணியில் ஒருவர் ஒரு அங்குலம் போட்டு, ஊற்று சரியில்லை என்று ஊற்றைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

குழாயும் ஐயாயிரம் லீற்றர் தொட்டியும் சூரிய பம்ப்பைவிட மலிவு. ஒரு நாள் பாதிக் காணி, மறுநாள் மீதி. குத்தகை போனால் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வரலாம். முன்பு பெற்றோல் பம்ப்பைப் புகழ்ந்தது இதற்காகத்தான். இந்த மலைகளில் இருநூறு ஆண்டுக்குக் கிட்ட வேலை செய்த சனத்துக்கு நிலம் சொந்தமில்லை. சொந்தமில்லாத நிலத்தில் எந்தச் சக்தியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, எதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியும் என்பது பாதிப் பதில். திட்டம் போடுபவர்களின் பட்டியலில் இந்த வரி நான் பார்த்தவரை இருப்பதில்லை.

பீலிக்கு எதிரான நியாயங்களும் உண்டு. அது பொதுத் தண்ணீர். ஒருவர் பைப்பைச் செருகினால் நாளை பத்துப் பேர் செருகுவார்கள், பிறகு குடிக்கத் தண்ணீர் இராது. காட்டுப்பன்றி குழாயைக் கிளறும். ஒரு மார்ச்சில் 33 விநாடி எடுத்த வாளி இன்னொரு மார்ச்சில் 60 எடுக்கலாம். ஆகவே பழைய பெற்றோல் பம்ப்பை விற்கக் கூடாது என்றேன். அது மூலையில் கிடக்கட்டும்.

இத்துடன் தண்ணீர்க் கணக்கு முடிந்தது. ஆனால் கணக்கு எழுதுபவனின் புத்தி, கேட்ட இடத்தோடு நிற்காது. பம்ப்புக்கு ஆண்டுக்கு 110 லீற்றர் என்றால், இந்த அரை ஏக்கரிலிருந்து சாப்பாட்டுத் தட்டு வரை வேறு எங்கெல்லாம் சக்தி போகிறது? ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2011இல் சொன்னது, உலகம் பயன்படுத்தும் சக்தியில் ஏறத்தாழ 30 வீதம் உணவுக்குப் போகிறது, அதில் 70 வீதத்துக்கு மேல் வயலைத் தாண்டிய பிறகு செலவாகிறது என்று. வயலுக்குள் பம்ப்பும் டிராக்டரும் கண்ணில் படுவதால் நாம் அவற்றோடு மல்லுக்கட்டுகிறோம். சித்தப்பாவின் படிக்கட்டுக் காணியில் டிராக்டரும் இல்லை, மண் கொத்தும் முள்ளுதான்.

உர மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். யூரியாவின் நைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை வாயுவை எரித்தும் பிளந்தும் காற்றிலிருந்து பிடிக்கப்படுவது. 50 கிலோ மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன். அதைச் செய்யும் சக்தியை டீசலாக மாற்றினால் மூட்டைக்கு 25 முதல் 35 லீற்றர் வரும். ஆண்டுக்கு நாலு மூட்டை போட்டால் பம்ப்பின் பெற்றோலுக்குச் சமமாகிவிடுகிறது, பார்த்தால் வெள்ளை மணி, உள்ளே வேறொரு நாட்டு வாயு. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வீச்சில் தடை செய்து நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் நாட்டின் விவசாயம் எவ்வளவு சக்தியை மூட்டை வடிவில் வாங்கிக்கொண்டிருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 2021இல் 299 மில்லியன் கிலோ அளவில் இருந்த தேயிலை 2022இல் 251 மில்லியனுக்கு விழுந்தது. அதன் பிறகு மெல்ல ஏறினாலும் பழைய இடத்துக்கு உடனே வரவில்லை. மாட்டெருவைக் கொண்டு ஒரு மூட்டையைக் குறைக்கலாம் என்பது என் கருத்து. நாலையும் குறைக்கலாம் என்பவர் லீக்ஸ் போட்டுப் பார்க்கட்டும்.

லொறிதான் அதிகம் குடிக்கும் என்று நான் நினைத்தது தவறு என்று கணக்கு காட்டியது. நுவரெலியாவிலிருந்து கொழும்புச் சந்தைக்குப் போய்வர 350 கிலோமீற்றர் அளவில். நாலு தொன் ஏற்றிய லொறி அறுபது, அறுபத்தைந்து லீற்றர் டீசல் குடித்தால் ஒரு கிலோ கரட்டுக்கு விழுவது 16 மில்லிலீற்றர், ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு எட்டுத் தொன் அனுப்பினால் 130 லீற்றர். சங்கடம் தூரத்தில் இல்லை. சாக்கில் திணித்து, மூட்டை மேல் மூட்டை அடுக்கி, அதன் மேல் ஆள் உட்கார்ந்து போவதால் நசுங்கிக் குப்பைக்குப் போகும் கரட்டில் இருக்கிறது. அதற்குள் தண்ணீரும் உரமும் டீசலும் ஏற்கெனவே போய்விட்டன.

இனி அடுப்புக்கு வருகிறேன். இதைக் கடைசியாகப் பார்த்தது என் பிழை, முதலில் பார்த்திருக்க வேண்டும்.

சித்தியின் வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்து கிலோ விறகு எரிகிறது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து வரும் மிளாறு, டர்பன்டைன் கிளை, சில நாள் கிரவில்லியா. தராசில் வைத்து ஒரு வாரம் நிறுத்துப் பார்த்தேன். சித்தி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். ஆண்டுக்கு 1,800 கிலோ. அதற்குள் இருக்கும் சக்தியை டீசலாக மாற்றினால் 700 லீற்றருக்கு மேல்! பம்ப்பு, உரம், லொறி மூன்றையும் கூட்டினால்கூட அதில் பாதிதான். இதில் சமையலுக்குப் போய்ச் சேர்வது எட்டில் ஒரு பங்கு. மீதி சுவருக்கும் புகைக்கும் சித்தியின் நுரையீரலுக்கும். எட்டில் ஒன்று என்றாலும், கந்தப்பளையின் மாலைக் குளிரில் அந்தச் சுவரோரம் உட்கார்ந்து குளிர் காய்வதை வீணென்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை.

ஒரு காலத்தில் இலங்கையின் மொத்தச் சக்தியில் பாதிக்கு மேல் விறகும் சருகும் போன்ற தாவர எரிபொருளாகவே இருந்தது. பிறகு எண்ணெய் அதை முந்திக்கொண்டது. ஆனால் அந்த முந்தல் சாலையிலும் மின்நிலையத்திலும் நடந்தது, சமையலறையில் அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் நான்கில் மூன்று வீட்டுக்கு மேல் விறகில்தான் சமைத்தது, தோட்டப்புறத்தில் அதைவிட அதிகம். கேஸுக்கு மாறியவர்களில் பலர் 2021இன் கடைசியில் திரும்பி வந்தார்கள். சிலிண்டரின் வாயுக் கலவை மாறி வீடுகளில் அடுப்புகள் வெடித்த காலம் அது. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஒக்டோபரில் 2,750, அடுத்த ஏப்ரலில் 4,860 என்று ஏறியது.

எதிரே இருக்கும் ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், கணக்கும் விறகுதான் என்பது சித்திக்குத் தெரியாது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது எண்ணெய் எரித்த தேயிலைத் தொழிற்சாலைகள் விறகுக்குத் திரும்பின, இன்றும் அங்கேயே நிற்கின்றன. மோட்டரும் விசிறியும் மின்சாரத்தில் ஓடும், ஆனால் கொழுந்தை வாட்டவும் காய வைக்கவும் வேண்டிய சூடு அடுப்பிலிருந்து வருகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகு. சித்தி ஒரு நாள் எடுத்த 20 கிலோ கொழுந்து நாலேகால் கிலோ தேயிலையாகிறது. போகும் பதினைந்து லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரை விரட்ட ஏழெட்டுக் கிலோ விறகு. அவர் வீட்டில் எல்லோருக்கும் மூன்று வேளைக்கு எரிவதைவிட அவர் ஒரு நாள் கூடையில் கொண்டுவந்த கொழுந்துக்கு எரிவது அதிகம். ஸ்டோருக்கு லொறியில் விறகு வரும். சித்திக்குத் தலைச்சுமையில்.

ஆகவே அடுப்புக்கும் மூன்று வழிகளைப் பார்த்தேன். கேஸ் என்றால் ஒரு சிலிண்டர் 35 நாள் வரும். வசதி, புகையில்லை, ஆனால் விலையும் கப்பலும் நம் கையில் இல்லை. மின்அடுப்பு என்றால் ஒரு நாளைக்கு மூன்று அலகு, மாதம் 90. வீட்டின் மற்றப் பாவனையோடு சேர்ந்து 60 அலகுப் படியைத் தாண்டி மேல்படிக் கட்டணத்துக்குள் தள்ளிவிடும், விளக்குக்கு எரிந்த அலகும் சேர்ந்து விலை ஏறும். சோற்றுக்கு ரைஸ் குக்கர் மட்டும் போதும், முழுச் சமையலுக்கு வேண்டாம். மூன்றாவது, அனகி அடுப்பு. 1980களிலிருந்து இந்த நாட்டில் புழங்கும் இரட்டைப் பானைக் களிமண் அடுப்பு, ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் ஏறும். சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது என்று பொருள், விலையோ சந்தையில் ஒரு நாள் கைச்செலவு. மண் பூசி, புகைபோக்கி வைத்துக் கட்டினால் ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு கிலோ விறகு மிஞ்சும். ஆண்டுக்கு அறுநூறு, எழுநூறு கிலோ தலைச்சுமை குறையும். அதுவும் டீசலாகப் பார்த்தால் பம்ப்பின் முழு ஆண்டுப் பெற்றோலைவிட இரு மடங்குக்கு மேல்.

இதை நான் மேசையில் விரித்துச் சொன்னபோது தம்பிக்கு ஏமாற்றம். இவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு களிமண் அடுப்பா என்றான். சித்தப்பா குழாய் பருமன் பற்றிய பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டார். சித்தி கேட்டது ஒரே கேள்வி, புகைபோக்கி கூரைத் தகரத்தைத் துளைத்துத்தானே போகும், மழை பெய்தால் ஒழுகாதா என்று. மேலே ஒரு தகர மூடியும் சுற்றிலும் தாரும் என்று சொன்னேன். சரி, அப்படியென்றால் கட்டுங்கள் என்றார். மீதிப் பணத்தில் பெரும் பகுதி வங்கியிலேயே கிடக்கட்டும் என்பதையும் அவரே சொன்னார். அதுவும் ஒரு தேர்வு, எங்கள் ஒப்பீட்டில் யாரும் அதைச் சேர்த்திருக்கவில்லை.

பீலிக்குத் தோட்டத் தலைவரிடம் கேட்டோம். கோயில் முன்றிலில் நாலு பேரை வைத்துப் பேசி, மாலை ஆறு முதல் காலை நாலு வரை எடுக்கலாம், அதற்கு மேல் ஒரு சொட்டும் கூடாது என்று முடிவானது. சித்தப்பா உடனே குறுக்கிட்டார். உறைபனிக்குக் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வேண்டுமே, இன்னும் இரண்டு மணிநேரம் கூட்டித் தர முடியாதா என்றார். மார்கழியில் விடியற்காலைப் பஜனைக்குப் போகிறவர்கள் நாலு மணிக்கே பீலிக்கு வந்து குளிப்பார்கள், அவர்களை நிறுத்தச் சொல்கிறாயா என்று தலைவர் திருப்பிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு மணிக்குத் தொட்டி நிறைந்திருக்கும், ஐந்து மணிக்குத் தொட்டியின் வாயிலைத் திறந்தால் தெளிப்பான் சுழலும், பீலியை யாரும் தொட வேண்டியதில்லை. இதை இரண்டு பேருக்கும் விளக்க ஒரு மணிநேரம் பிடித்தது. குழாய் 260 மீற்றர் வாங்கியிருந்தோம். வளைவுகளைக் கணக்கில் எடுக்காததால் பன்னிரண்டு மீற்றர் போதவில்லை, அடுத்த சந்தை நாளுக்குக் காத்திருக்கிறோம்.